டேப் சுற்றிய கண்ணாடிக் குழாய்

அந்த அழகு நிலையத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் கிடைப்பது வரவேற்பன்று, விசாரணை. பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமா, வலிப்பு வந்ததுண்டா, முகத்தில் ஸ்பிரிட் கலந்தது எதையாவது பூசியிருக்கிறீர்களா? வாடிக்கையாளர்கள் அதை நடத்துகிறவருக்கு ‘இன்ஸ்பெக்டர் அக்கா’ என்று பெயரிட்டிருந்ததில் வியப்பில்லை.

கண்ணாடிக் குழாய் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பருவை வற்றவைக்கும் ஹை-ஃப்ரீக்வென்சி கருவியை வாங்க அக்காவுக்கு நான்கு மாதம் பிடித்தது. மலிவானவற்றையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டு, திறனைச் சிறுகச் சிறுகக் கூட்டும் திருகும் உத்தரவாதச் சீட்டும் உள்ள ஒன்றைத் தேர்ந்தார். தம் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே பிறர் முகத்துக்கு அதைக் கொண்டுபோவார்.

அவருடைய நாத்தனாருக்கு மறுநாள் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்புத் தேர்வு. மூக்கு நுனியிலோ பழுத்த பரு ஒன்று கொலுவீற்றிருந்தது. அவளை நாற்காலியில் அமர்த்திவிட்டுக் கருவியை எடுத்த அக்கா திகைத்தார். கண்ணாடிக் குழாயில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவர் கணவர் எலக்ட்ரீஷியன். முந்திய நாள், கண்ணாடியில் எப்படிக் கரண்ட் வருகிறது என்று டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். பொறி தெறித்ததும் குழாய் கைநழுவி விரிசல் கண்டிருக்கிறது. எந்த விரிசலுக்கும் அவர் அறிந்த மருந்து டேப் ஒன்றே.

“சின்னக் கீறல்தான். மெயின் லைனையே தாங்குற டேப், இவ மூக்கைத் தாங்காதா?” என்றார், தங்கைக்குத் துணையாக வந்திருந்த கணவர்.

“ஒரே நிமிஷம் அண்ணி. கம்மியா வெச்சுப் பண்ணுங்க. வர்றவங்களுக்கெல்லாம் செய்யறீங்க, எனக்குன்னா மட்டும் சட்டமா?”

“யாருக்கும் இதை வைக்க மாட்டேன். கண்ணாடி உடைஞ்சா நாளைக்கு பருவோட போக மாட்டே, தையலோட போவே.”

மாற்றுக் குழாய் வர ஒரு வாரமாகும். பருவைக் கிள்ளாதே என்று மட்டும் சொல்லியனுப்பினார் அக்கா. நாத்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மாமியார் தொலைபேசியில் அழைத்து, சொந்தக்காரிக்கு உதவாத மெஷின் எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கம் கேட்டார். வேலை கைநழுவினால் பழி யார் தலையில் விடியும் என்பது தெரிந்ததுதானே.

மறுநாள் மாலை நாத்தனாரே கடைக்கு வந்தாள்.

“மேக்கப் போடறவங்க ரெண்டு பொட்டு வெச்சாங்க, மறைஞ்சே போச்சு. வர்ற மாசம் சேரச் சொல்லிட்டாங்க அண்ணி.” பிறகு, “நேத்து பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள்.



புதிய குழாய் வந்ததும் அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். சாவி இருக்குமிடம் கணவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.