மறைப்புச் சேலைக்கு உள்ளே

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் வாசலில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் சேலையைப் பிடித்து மறைத்து, பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். ஆண்கள் தள்ளி நின்று பாடை கட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் அம்மாவை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று அன்றைக்கு ஒரே பிடியாக நின்றேன்.

நான் உத்திரமேரூர் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். முன்கோபி. டீக்கடையில் எவனாவது முறைத்தால் சட்டையைப் பிடித்துவிடுவேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கிப்போனபோது வீட்டில் நான் ஒருவன்தான். பேம்பர்ஸ் மாற்றுவதிலிருந்து எல்லாம் என் தலையில் விழுந்தது. முதல் நாள் குளிப்பாட்ட ரவிக்கையைக் கழற்றினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒரு பொண்ண பெக்காம போயிட்டனே" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியை எட்டி உதைத்தேன். பிறகு நானே போய் மறுபடி தண்ணீர் பிடித்து வந்தேன்.

போகப் போக அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. வயல் தூசியோடு வந்ததும் வெந்நீர் வைத்து, கையில் விட்டுச் சூடு பார்ப்பேன். வகிடு நேராக இருக்கிறதா என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். எனக்குப் பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊரில் பொம்பளச்சட்டி என்று பேர் வைத்தார்கள். ஒருவனை அடித்தேன். அடித்துவிட்டு வந்து அதே கையால் அவளுக்குச் சிக்கெடுத்தேன். இந்த இரண்டு பேரும் நான்தானா என்று பயமாக இருந்தது.

சாவன்று தாய்மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நைனா, நீ கொள்ளி வெக்கிறவன். பொம்பளைங்க வேலய அவங்க பாத்துப்பாங்க. நாலு பேர் சிரிக்கிற மாரி பண்ணாத."

நின்றேன். பெண்களே குளிப்பாட்டி முடித்தார்கள். சேலைக்குள்ளிருந்து, "ரவிக்கைல கை நொழைய மாட்டேங்குது, நல்லா இழு" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். மாமாவைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். பெண்கள் பதறி விலகினார்கள்.

"மடங்கின கைக்குத்தான் மொதல்ல போடணும்" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், அழுகையாக வந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, மட்டும் அசையவில்லை. "வுடுங்க. இத்தன நாளா அவன்தான பாத்துக்கினு இருந்தான்" என்றாள்.

முழங்கையைத் தடவித் தடவி ரவிக்கையைப் போட்டேன். வகிடெடுத்து வாரினேன்.

சுடுகாட்டில் எனக்கு மொட்டையடித்து மீசையையும் எடுத்தார்கள். கொள்ளி வைத்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீடு திரும்பியதும் அத்தைதான் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "மீச போனதும் உங்கம்மாவே வந்து நிக்கிற மாரி கீதுடா."

உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவளேதான். பெண்ணைப் பெறவில்லையே என்று அழுதவளிடம் இந்த முகத்தைக் காட்டலாம் என்றால், அவளை எரித்துவிட்டு வந்திருந்தேன்.