பிக்கப்பில் வைத்த இரண்டு கிண்ணங்கள்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் என் கணவர் என்னை "அம்மணி" என்பார். "நீங்க சொல்றதுதானுங்க சரி" என்று சொல்லிவிட்டால், அடுத்த மூன்று நாளைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பிக்கப் விஷயத்தில் அவர் அந்த அளவுக்குப் போனார்.

அந்த பிக்கப் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே, போத்தனூரில் நான் நடத்துகிற நர்சரிக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்னால் இரண்டு பேர், பின்சீட்டில் மூன்று பேர், அதற்கும் பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த இடம். தென்னங்கன்றும் உரமூட்டையும் செம்மண்ணும் அதில்தான் போகும். கல்யாணமாகிப் போனபோது பீரோ, கட்டிலோடு இந்த வண்டியும் வந்தது. வண்டியில் ஏறி ஒரு நாயும் வந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு காது கிழிந்த நிலையில் நர்சரிக்குள் தானாக நுழைந்த நாட்டு நாய் அது. என்ன பெயர் வைக்கலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அதற்கு வயசாகிவிட்டது. ஆகவே எல்லோருக்கும் அது பெரியவர். "பெரியவர் சாப்பிட்டாருங்களா?" என்று என் கணவரே கேட்பார். அவர் யாருக்கும் மரியாதை குறைக்காத மனிதர். கடன் வேண்டுமா என்று போனில் கேட்கிற பெண்ணிடம்கூடப் பத்து நிமிஷம் பேசி, அவளுடைய தொண்டைக் கட்டுக்கு மிளகுக் கஷாயம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வைப்பார். இல்லை, வேண்டாம், முடியாது என்ற மூன்று சொற்களும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பெரியவருக்குப் பிறகு சின்னவள் வந்தாள். அவளும் நாய்தான். அதன் பிறகு மகள் பிறந்தாள். அவளுக்கு நான்கு வயசாகும்போது அடுத்தது வயிற்றில் வந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை, இட்லிக்கு நடுவில் அவர் ஆரம்பித்தார்.

"அம்மணி, பிக்கப்பைக் குடுத்துப்போட்டு ஒரு காரு வாங்கிக்கலாமா?"

"நாய்ங்களை எங்க உக்கார வெக்கறதுங்க?"

"அப்பா தோப்புல உட்டுடலாம். அங்க எடம் கெடக்குது."

என் மாமனாருக்குக் கிணத்துக்கடவு பக்கத்தில் தென்னந்தோப்பு. அவரிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டிருந்தார் இவர். எனக்கு இட்லி இறங்கவில்லை. சின்னவளாவது எங்கே விட்டாலும் நாலு நாளில் பழகிக்கொள்வாள். பெரியவர் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர். அவரைத் தோப்பில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏற என்னால் முடியாது.

குழந்தைகளுக்குப் பின்சீட்டு, நாய்களுக்கு அதற்கும் பின்னால் ஒரு கூண்டு, இதே பிக்கப்பில் அத்தனை பேரும் போகலாம் என்றேன். வெயிலில் இரும்பு தோசைக்கல்லாகக் காயும் என்றார். கூரை போடலாம் என்றேன். "நீங்க சொல்றதுதானுங்க சரி" என்றார். மூன்று நாள் கழித்து ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார்.

"கூண்டு கட்டுங்க. ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரும் கிணத்துக்கடவு வரைக்கும் போலாம். வழியில ஒரு பிரச்சினையும் வரலைன்னா, காருப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"வந்தா?"

"வந்தா ரெண்டு பேரும் தோப்புலயே இருக்கட்டுமுங்க."

முதலில் நானே தார்ப்பாயைக் கட்டிப் பார்த்தேன். சின்னவள் அதை நர்சரி கேட்டைத் தாண்டுவதற்குள் தின்றுவிட்டாள். பிறகுதான் உக்கடம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா, அளவெடுக்கணும்."

"யாரைங்க?"

"உள்ள உக்காரப் போறவங்களை."

மறுநாள் நாய்களோடு போனேன். என் கணவரும் சொந்த டேப்போடு வந்துவிட்டார். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவருக்கு, இன்னொருவர் அளவெடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பெரியவரை நிற்க வைத்து ஓர் அளவு, உட்கார வைத்து ஓர் அளவு, படுக்க வைத்து ஓர் அளவு. சட்டைக்கு அளவு கொடுக்கிற மாப்பிள்ளை கணக்காக அவரும் கழுத்தைத் தூக்கிக் காட்டினார். "வாலாட்டறதுக்கு எடம் உடணுமுங்க" என்றார் பாய். என் கணவர் கொஞ்சம் யோசித்து, "அரை இஞ்ச் சேத்தியே உட்டுடுங்க" என்றார். அந்த அரை இஞ்சில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஒரு வாரத்தில் கூண்டு வந்தது. மேலே வெயில் இறங்காத கூரை, நான்கு பக்கமும் காற்று வர வெல்டட் மெஷ் கம்பி வலை, தரையில் தேங்காய் நார் விரிப்பு, பின்னால் பெரிய கதவும் இரண்டு தாழ்ப்பாளும். பட்டறையில் மிச்சமிருந்த சாம்பல் நிற பெயிண்ட்டை அடித்துக் கொடுத்திருந்தார். நான் அதை எங்கள் வீதிக்குள் ஓட்டிக்கொண்டு வந்தபோது, வழக்கமாகத் துரத்துகிற தெருநாய்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அவர் ஓட்டுவதாகச் சொன்னார். மகளைப் பின்சீட்டில் உட்கார வைக்கும்போது காலடியில் ஒரு பை தட்டுப்பட்டது. உள்ளே நாய்களுடைய எவர்சில்வர் கிண்ணங்கள் இரண்டும், பெரியவரின் பழைய கம்பளியும் இருந்தன.

"சாயங்காலம் திரும்பி வரதுக்குக் கிண்ணம் எதுக்குங்க?"

"தண்ணி குடிக்கறதுக்கு."

"கம்பளி?"

அவர் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். டயரில் பார்க்க ஒன்றுமில்லை. "நீங்க பண்றதெல்லாம் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். மகளும் நாய்களும் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஈச்சனாரி சிக்னலில் நின்றபோது ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்க, எங்க வீதிக்கு எப்ப வருவீங்க? ஏழெட்டு நாயி சுத்துதுங்க. ராத்திரில குழந்தைங்க பயப்படுது."

என் கணவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாக எந்த வீதி என்று விசாரித்தார். ஸ்கூட்டர்காரரும் வழி சொன்னார். பச்சை விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெஷ் கூண்டு, பெரிய தாழ்ப்பாள், உள்ளே நாட்டு நாய் இரண்டு. நாங்கள் ஆசை ஆசையாக அளவெடுத்துக் கட்டியிருந்தது அசல் நாய் பிடிக்கிற வண்டி. எங்கள் வீதி நாய்களுக்கு அன்றைக்கே அது தெரிந்திருக்கிறது.

"இது பிரச்சினையில சேராதுங்க" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டி, காலேஜ் படிக்கிற வயசுப் பெண் ஒருத்தி பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக டிரைவர் பக்கம் வந்தாள்.

"அதுவும் உயிருதானுங்ண்ணா? அந்தக் காது கிழிஞ்சதுக்கு எத்தனை வயசாயிருக்குது, பாத்தா தெரியலைங்களா? எங்க கொண்டுபோய் உடறீங்க?"

"ஐயோ, இது எங்க ஊட்டு நாயிங்க."

"ஊட்டு நாயின்னே வெச்சுக்குங்க. எங்க கொண்டுபோய் உடறீங்கன்னுதான் கேக்கறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் உதவிக்கு வரலாம்தான். வரவில்லை. பின்சீட்டிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எங்கப்பா உடப் போறோம்?"

அந்தப் பெண் எங்கள் வண்டி நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

டீ நாங்களே குடித்துக்கொண்டோம். கிணத்துக்கடவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். மகள் தேங்காய் பன்னில் பாதியைக் கூண்டுக்குக் கொண்டுபோனாள். பேக்கரிக்காரர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போனார். வர்க்கி பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்து என் கணவர் முன்னால் வைத்தார். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவலை நாய்க்குட்டி.

"தாயி ரோட்டுல அடிபட்டுப் போயிருச்சுங்க. நீங்க கொண்டுபோய் ஒரு நல்ல எடத்துல உட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றார் என் கணவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது நாயி புடிக்கற வண்டி இல்லீங்க."

"இல்லைன்னா என்னங்க, நாயி போற வண்டிதானுங்க?"

"அதென்னமோ ஆமாங்க."

"அப்பறம் என்னங்க" என்று பேக்கரிக்காரர் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு பாக்கெட் பாலையும் மேலே வைத்தார். டீக்குக் காசு வாங்கவில்லை.

என் கணவர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வண்டிக்கு வந்தார். கூண்டைத் திறந்து குட்டியை உள்ளே விட்டார். பெரியவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

"பிரச்சினை வந்துபோச்சு அம்மணி" என்றார்.

வந்துதான் விட்டது. ஒன்றல்ல, மூன்று. ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். அதற்கு மேல் வழியெல்லாம் நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். குட்டி பெரியவரின் கழுத்துக்கடியில் தூங்கிப்போயிருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டினார்.

தோப்பில் மாமனார் எல்லாம் தயாராக வைத்திருந்தார். மோட்டார் ரூம் நிழலில் சாக்கு விரித்திருந்தது. தென்னையில் புதுக்கயிறு இரண்டு கட்டியிருந்தது. மனிதர் எங்களுக்காகத்தான் மெனக்கெட்டிருக்கிறார், அதையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"வாங்க கண்ணு. எறக்கிக் கட்டிப்போடலாமா?"

என் கணவர் கூண்டைத் திறந்தார். மூன்றும் இறங்கின. மாமனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இவர் பின்சீட்டுக்குப் போய், அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பளியைத் தொடவில்லை. கிண்ணங்கள் இரண்டையும் எடுத்து, பைப்பில் தண்ணீர் பிடித்து, பெரியவர் முன்னால் ஒன்றும் சின்னவள் முன்னால் ஒன்றுமாக வைத்தார். குட்டி அவர் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்கப்பா, ஊட்டுல கிண்ணம் ஒண்ணு இருக்குதுங்களா?"

"எதுக்கு சாமி?"

"எங்குளுக்கு ஒண்ணு கொறையுதுங்க. போறப்ப மூணு கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போறோம்."