நான் மூடி வைத்த நெல்

அன்று கொள்முதல் நிலையத்துக் களத்தில் என் நெல் குவியலைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் நாத்தனார், ஈரப்பதம் பார்க்கும் பட்டியல் எழுத்தர், வாடகை வாங்க வந்திருந்த அறுவடை மெஷின்காரர். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு ஏக்கர் சம்பாவும் என் பொறுப்பு. எட்டாவதோடு நின்றவளை நம்பி விட்டுப் போயிருக்கிறாரே என்ற பயம் நாற்று விட்ட நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

அறுத்த அன்று தூறல் போட்டது. எங்கள் முறை வர நாலு நாளாகும் என்றார்கள். தார்ப்பாய் வாடகைக்கு எடுத்துக் குவியலை மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். மறுநாளே வெயில் வந்துவிட்டது. பக்கத்தில் எல்லாரும் பிரித்துக் காயவைத்தார்கள்.

"அண்ணி, நாமளும் தெறந்து ஒரு தடவ கெளறி விட்டுருவோம். மெஷின்ல அறுத்த நெல்லு, பச்சையா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"மேக்க பாரு, கருக்குது."

"அது ரைஸ்மில்லு பொகை அண்ணி!"

அவள் சிரித்தாள். நான் இன்னும் ஒரு வரிசை செங்கல் ஏற்றினேன்.

நாலாம் நாள் எழுத்தர் வந்து, "பிரிங்கம்மா" என்றார். தார்ப்பாயைத் தூக்கியதும் நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. கையை உள்ளே விட்டேன். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடி நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுத்தர் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்கு மீட்டர் எதுக்கும்மா, மூக்கே போதும்."

"மழைதான் சார்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னக்கா மழை? மூணு நாளா மண்டைய பொளக்குது வெயிலு" என்றார் மெஷின்காரர்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயம் வந்தா நீங்க எதையாச்சும் மூடிருவீங்க அண்ணி. அண்ணன் ஒரு நா பேசலைன்னு, கெட்ட சேதி வந்துருமோன்னு போனை அணைச்சு அரிசி டின்னுல போட்டீங்களே. அவரு அங்க துடிச்சுப் போயிட்டாரு."

அவள் சொன்னதும் அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டாக்டர் எழுதித் தந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. இப்படி இன்னும் எத்தனை? இதையெல்லாம் ஜாக்கிரதை என்றல்லவா நினைத்திருந்தேன்! நெல்லைக் கெடுத்தது நான் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இன்றும் நினைத்தால் உள்ளங்கை சுடுகிறது.

மேல் நெல்லை உலர்த்தியபின் எடுத்துக்கொண்டார்கள். அடி நெல் வாத்து மேய்ப்பவருக்கு வந்த விலைக்குப் போயிற்று. மெஷின் வாடகை பாக்கி நின்றது.

அதன்பின் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நெஞ்சு படபடத்தால் முதலில் என் கையைப் பார்ப்பேன்: இது இப்போது எதை மூடப் போகிறது? அதைத் திறந்துவிடுவேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன். பயம் போகவில்லை. சில நாள் கையும் சொன்னபடி கேட்பதில்லை.

போன வாரம் மெஷின்காரரின் பைக் வாசலில் நின்றது. என் கால் தானாகக் கொல்லைப்பக்கம் திரும்பியது. கை வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போடப் போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, திரும்பி வாசலுக்கு வந்தேன்.

"வாங்க தம்பி. முழுசா இல்ல. மூவாயிரம் இருக்கு."

அவர்தான் திகைத்துப் போனார். "நீங்களா வந்து சொல்றீங்களே அக்கா! மிச்சம்?"

"குறுவை அறுத்ததும் தந்துர்றேன்."

மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.