பின் பிரேக்கில் நான் ஊற்றிய எண்ணெய்

விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கையும் அவள் கணவரும் அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் மொனராகலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். எட்டரைக்குத்தான் நான் செய்த வேலை என்னவென்று எனக்கே விளங்கியது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க். தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை மொனராகலையில் ஆசிரியர். அந்தக் கல்யாணத்துக்கு முதலில் மறுப்புச் சொன்னவன் நான். அது அவருக்கும் தெரியும். அதனால்தான், "பின் பிரேக் மிதிச்சா அப்படியே உள்ள போயிருது மச்சான்" என்று அவர் சொன்னதும், "நான் பாத்துத் தர்றேன்" என்று முந்திக்கொண்டேன்.

பழைய ஜப்பான் வண்டி. பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மிதிக்கு மேலிருந்து பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்து கசிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை பதுளைக்குப் போய்ப் புதிய சிலிண்டரும் சின்னப் போத்தல் பிரேக் ஒயிலும் வாங்கிவந்தேன். பூட்டுவதில் சிரமமில்லை. குழாயிலிருந்த காற்றை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. மிதித்து, சக்கரத்துப் பக்கமிருந்த நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூடி, மறுபடி மிதித்தும் குமிழி நிற்கவில்லை. போத்தல் காலியாகிவிட்டது. மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை திறக்காது. ஸ்டோரில் இயந்திரத்துக்கு ஊற்றும் ஹைட்ராலிக் எண்ணெய் மிச்சமிருந்தது. பிரேக்கும் ஹைட்ராலிக்தானே என்று அதை ஊற்றி நிரப்பினேன். ஒயில் கிண்ணத்தின் மூடியில் 'டொட் 4 பிரேக் ஒயில் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வாசித்துவிட்டுத்தான் ஊற்றினேன். மிதி கல் மாதிரி நின்றது. "புதுசு மாதிரி இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பெருமையைத்தான் திங்கட்கிழமை தோட்டத்து லொறி டிரைவரிடம் சொன்னேன்.

"அதையா ஊத்துனீங்க, ஐயா?" என்றார் அவர். "அது பட்டா உள்ள இருக்கிற ரப்பர் ஊதிருமே. மிதிச்ச பிரேக்கு திரும்பாதுங்க. சக்கரத்தப் புடிச்சிக்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ஒரு நாளோ, ரெண்டு நாளோ. எப்ப ஊத்துனீங்க?"

நான் லொறியில் ஏறி, டவுனுக்கு விடச் சொன்னேன். அவர் அப்புத்தளை டவுனில் இறக்கிவிட, பெரகல பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. பள்ளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். தங்கை எந்த நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பெரகல சந்தியில் தேநீர்க்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஆமாங்க, ஒரு ஐயாவும் அம்மாவும் வந்தாங்க. தண்ணி வாங்கிப் பின் சக்கரத்துல ஊத்துனாங்க. ஆவி பறந்துச்சு. கொஸ்லந்தப் பக்கம் போயிட்டாங்க."

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். இரண்டு மைலுக்கு அப்பால், மலையோரத்து வடிகால் கானுக்குள் முன் சக்கரம் இறங்கி வண்டி நின்றது. தங்கை முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நிப்பிளைத் திறந்து எண்ணெயைப் பீய்ச்சவிட்டு, சிக்கிய சக்கரத்தை விடுவித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊத்துன எண்ணெய்தான்," என்றேன். "மூடியில எழுதியிருந்தத வாசிச்சுட்டுத்தான் ஊத்துனேன்."

"கல்யாணம் புடிக்கலன்னா வாயால சொன்னதோட விட்டிருக்கலாமே, அண்ணே," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை அவளை அடக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஒயில் முடிஞ்சிருச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க பஸ்ல போயிருப்போம், மச்சான்" என்றார்.

அவர்கள் பஸ்ஸில் போனார்கள். நான் வண்டியை ஒரு மரக்கறி லொறியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தபோது புதிய சிலிண்டரின் ரப்பர் ஊறவைத்த கடலை மாதிரி உப்பியிருந்தது. சிலிண்டர், குழாய், சக்கரத்துப் பக்கத்து ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். டொட் 3இல் டொட் 4 கலந்தாலும் பாதகமில்லை, நான் ஊற்றியது மாதிரியான கனிம எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது என்று பதுளைக் கடைக்காரர் சொன்னார். முத்திரை உடைக்காத இரண்டு போத்தல் வாங்கினேன். அடுத்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் அந்த வண்டியில் மலை ஏறி இறங்கி, வளைவுக்கு வளைவு நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன்பின் ஒரு நாள் காலை மாப்பிள்ளை தனியாக வந்தார். மாற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பிற்பகல் ஸ்டோர் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. நாலு மணிக்கு ஒபிஸுக்குப் போன் வந்தது. தங்கை.

"வந்துட்டாரு அண்ணே. நானே தொட்டுப் பாத்தேன், சக்கரம் சுடல. கைக்காயம் ஆறிருச்சு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."