கறுப்பு ரப்பர் எனக்கு, தேன்நிற ரப்பர் தம்பிக்கு

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. அவன்மேல் எனக்குப் பொறாமை என்று சொன்னால் அது மரியாதையான வார்த்தை. வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி. முறுகலான முதல் தோசை அவனுக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கிற இடம் அவனுக்கு, இரண்டு பேரும் சேர்ந்து உடைத்த கண்ணாடி டம்ளருக்கு அடி மட்டும் எனக்கு. கேட்டால், "சின்னப் பிள்ளைதானே, விட்டுக்குடு" என்பாள் அம்மா. நானும் மூன்று வருஷம் அந்த வீட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தேன். அப்போது எனக்கு விட்டுக்கொடுக்க அங்கே வேறு பிள்ளையே இல்லை. இந்த அநியாயம் யார் கண்ணிலும் படவில்லை.

வடக்குப்பட்டில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மாவின் தம்பி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, காருக்குக் கதவு செய்யும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னியாக இருந்தார். மாமா ஷிப்ட் முடிந்து வந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். அவர் ஷூவைக் கழற்றும்போது கால்விரலில் சொடக்கு எடுப்பதும் நான்தான். வீட்டில் மற்ற எல்லாம் தம்பிக்குப் போய்விட்டது, மாமாவையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று எனக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் கம்பெனியில் ஃபேமிலி டே வந்தது. வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களை உள்ளே விட்டு, லைனைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, கையில் ஒரு பரிசும் கொடுத்து அனுப்புவார்கள். நிரந்தர ஆட்களுக்கு நான்கு பேர் அனுமதி. ட்ரெய்னிக்கு ஒருவர்தான். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்தக் கம்பெனியின் நீலக் கூரை தெரியும். அதற்குள்ளே மனிதன் இல்லாமல் இரும்புக் கைகளே கதவுகளைத் தூக்கி ஒட்டவைக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். அந்தக் கைகளைப் பார்க்காமல் போனால் என் பிறவியே வீண் என்று நான் நம்பினேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பையனைக் கூட்டிட்டுப் போடா, ஆசப்படுறான்" என்றாள். நானும் ஆசைப்படுகிறேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எதுக்குக்கா வம்பு? போட்டி வச்சிருவோம். சனிக்கிழம கவட்டைல டப்பாவ யாரு அடிக்காகளோ அவுக வரட்டும்."

நாங்கள் உண்டிகோல் என்று சொல்வதற்கு மாமா ஊரில் கவட்டை என்று பெயர். மாமா செய்யவும் அடிக்கவும் கெட்டிக்காரர். வீட்டுக்காரரின் கொய்யா மரத்திலிருந்து ஒரே அளவில் இரண்டு கவைகளை வெட்டி, பட்டையை உரித்து, இரண்டு நாள் வெயிலில் போட்டார். கல் வைக்கிற தோலுக்குப் பழைய சேஃப்டி ஷூவின் நாக்கை அறுத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் சரிசமம்தான். எனக்கு எரிய ஆரம்பித்தது ரப்பரில்.

என் இடது கையை முஷ்டி மடக்கி முன்னால் நீட்டச் சொன்னார். முஷ்டியிலிருந்து என் கன்னத்து எலும்பு வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, அந்த நூலை நாலாக மடித்து, அதுதான் ரப்பரின் நீளம் என்றார். தம்பிக்கும் அப்படியே அளந்தார். நீளம் குறைந்தால் ரப்பர் அறும், கூடினால் கல் சோம்பேறியாகப் போய் விழும், எப்போதும் இழுத்துக் கன்னத்து எலும்பில் கொண்டுவந்து நிறுத்தித்தான் விட வேண்டும், ஒரு தடவை கன்னம் ஒரு தடவை காது என்று இழுத்தால் கல்லும் அப்படித்தான் போகும் என்றெல்லாம் சொன்னார். பிறகு ஒரு தடித்த சைக்கிள் ட்யூப் பட்டையை என் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லி, என் முழங்கையையே உற்றுப் பார்த்தார். நான் கன்னம் வரை இழுத்து அசையாமல் நின்றேன்.

"ஏ ஆத்தா! தின்ன சோறு வீணாப் போகல" என்று சிரித்தார்.

நான் நிறையத் தின்கிறேன் என்று கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கறுப்புப் பட்டையையே பக்கத்துக்கு இரண்டாக வைத்து எனக்குக் கட்டினார். பஞ்சர் ஒட்டின தடம் அதில் அப்படியே இருந்தது. தம்பிக்கு? மெடிக்கல் ஷாப்பில் புதிதாக வாங்கின மெல்லிய ட்யூப். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்த ரகம். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் மாதிரித் தெரிந்தது. ஒரு விரலால் இழுத்தாலே வந்தது.

"அவனுக்கு மட்டும் இன்னா புச்சு? எனக்கு இன்னாத்துக்குப் பழசு?" என்று கேட்டேன்.

"ஒங் கைக்கு இதுதாந்தா சரி. ரெண்டு நாள் இழுத்துப் பழகு" என்றார் மாமா. போகிற போக்கில், பள்ளிக்கூட நோட்டில் என் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டார். எனக்கு இருந்த கோபத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துத் துப்பினேன். என் பாகப்பிரிவினை அன்றோடு முடிந்தது. மாமாவும் தம்பி பக்கம் போய்விட்டார்.

கறுப்பு உண்டிகோலைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். இரண்டு நாளும் தொடவில்லை. தம்பி வாசலில் நின்று தேன்நிற ரப்பரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் என் வயிற்றில் வந்து விழுந்தது. சனிக்கிழமை காலையில், காந்த மூடி போட்ட என் ஜியாமெட்ரி பாக்ஸை அவன் முன்னால் நீட்டினேன். அது அவன் ஒரு வருஷமாகக் கண் வைத்திருந்த பொருள். உண்டிகோல் கை மாறியது. இரும்புக் கைகளுக்கு முன்னால் ஜியாமெட்ரி பாக்ஸ் எம்மாத்திரம்?

பக்கத்து வயலை அப்போதுதான் மனை போட்டிருந்தார்கள். மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நின்றன. மாமா முதல் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்து, ஒரு கல்லின்மேல் காலி பவுடர் டப்பாவை வைத்துவிட்டு, முப்பது தப்படி எண்ணிப் பின்னால் வந்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ரொம்பத் தூரம். அம்மா வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். ஆளுக்கு ஐந்து கல்.

என் கையில் தேன்நிற ரப்பரைப் பார்த்ததும் மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏத்தா, அது தம்பியுது."

"நாங்க மாத்திக்கினோம்."

"அது ஒனக்குப் பத்தாதுத்தா. ஒன்னுதக் கொண்டா."

"ரெண்டும் கவட்டதான? பிள்ளைக பிரியமா மாத்திக்கிச்சுக. நீ என்னத்துக்குடா இடையில?" என்றாள் அம்மா. மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த உண்டிகோலுக்குக் கை நீட்டினார். பிடுங்கித் தம்பியிடம் கொடுக்கப் பார்க்கிறார் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

முதல் கல் பாதித் தூரத்தில் போய் விழுந்தது. இரண்டாவது அதற்கு ஓரடி தள்ளி. மூன்றாவதற்குப் பல்லைக் கடித்து, கன்னத்தையும் தாண்டிக் காது வரை இழுத்தேன். முடிச்சுக்குப் பக்கத்தில் ட்யூப் அறுந்து, என் கன்னத்தில் பளீரென்று அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. தம்பி சிரித்தான்.

மாமா ஓடிவந்து கன்னத்தைத் தடவினார். தம்பி கையிலிருந்து கறுப்பு உண்டிகோலை வாங்கி என்னிடம் நீட்டினார். "இன்னும் ரெண்டு கல்லு இருக்குத்தா. இதுல அடி. கன்னம் வரைக்கும் இழு, போதும். மாமா சொல்றேம்ல."

கிட்டத்தட்ட கெஞ்சினார். பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதாவது கை நீட்டியிருக்கலாம்.

"அந்தப் பழசு எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் தம்பியின் முறை. கறுப்பு ரப்பரை அவனால் நெஞ்சு வரைகூட இழுக்க முடியவில்லை. பின்னால் சாய்ந்து, முகம் சிவந்து, பாதிதான் இழுத்தான். அந்தப் பாதி இழுப்புக்கே கல் டப்பாவைத் தாண்டிப் பறந்தது. நாலு கல் எங்கெங்கோ போயிற்று. ஐந்தாவது, கண்ணை மூடிக்கொண்டு விட்டது, டங்கென்று டப்பாவைத் தூக்கி எறிந்தது. அம்மா கை தட்டினாள். மாமா தட்டவில்லை. தோற்றது நான்தானே, இவர் எதற்கு இப்படி நிற்கிறார் என்று அந்த அழுகையிலும் தோன்றியது. அறுந்த ட்யூபைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் தம்பி போனான். சாயங்காலம் தலையில் கம்பெனி தொப்பி, கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் ஒரு அட்டை என்று வந்து இறங்கினான். இரும்புக் கை தனக்கு டாட்டா காட்டியது என்றான். நான் அட்டையைப் பார்த்தேன். அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. அதன்மேல் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, மாமாவின் சாய்ந்த கையெழுத்தில் தம்பியின் பெயர்.

எனக்கு உச்சி வரை எரிந்தது. நான் தோற்றுப்போனதை எழுதி, என் பெயரை அடித்து, அதையும் அவன் கழுத்தில் மாட்டி ஊரெல்லாம் காட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு பல நாள் அவருக்கு நான் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அவரே எடுத்துக் குடித்துக்கொண்டார்.

இப்போது நான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கும் ஃபேமிலி டே படிவம் வந்தது. கடைசி நிமிஷத்தில் கொடுக்கலாம் என்று மேஜையில் போட்டு வைத்திருந்தேன். ஆபீஸ் பெண் வந்து, "அக்கா, பேரு ரெண்டு நாளுக்கு முன்னாடியே குடுத்துடணும். கார்டு பிரிண்டுக்குப் போயிடும், அப்புறம் மாத்த முடியாது, பேனாவுலதான் அடிச்சு எழுதணும்" என்றாள். பேனாவை எடுத்த எனக்கு, தம்பி கழுத்து அட்டையில் கோடு போட்டு அடித்திருந்த என் பெயர் நினைவுக்கு வந்தது.

போட்டி நடக்கும் முன்பே என் பெயர் அச்சுக்குப் போயிருந்தது. அந்த வீட்டில் முதல்முதலாக எனக்கென்று ஒருவர் ஓரவஞ்சனை செய்திருக்கிறார். அது கறுப்பாக, பஞ்சர் ஒட்டின தடத்தோடு இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.