முரளிதரனும் வடிகட்டாத ஒயினும்

முரளிதரன் தலையில் வந்து விடிந்த ஒயின் அப்படி. இத்தாலியில் ஒரு மலைச்சரிவில் அப்பா, அம்மா, மகள் என மூன்றே பேர் திராட்சை வளர்த்து, பிழிந்து, பாட்டிலில் அடைக்கும் சிவப்பு ஒயின். வடிகட்டவே மாட்டார்கள். வடிகட்டினால் ருசி போய்விடுமாம். அதனால் அடியில் வண்டல் தங்கும். அதைப் பார்த்தாலே ஹோட்டல்காரர்கள் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முரளிதரன் குடிக்கிற ஆளும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர், சுத்த சைவம். ராஸ் அல் கைமாவில் இறக்குமதிக் கம்பெனி வேலை. இந்த ஒயினுக்காக துபாய், அபுதாபி என்று அலைந்து, ஒவ்வொரு செஃப்பிடமும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்: "அது அழுக்கு இல்லைங்க, திராட்சையோடதுதான். ஆடாம நிக்க வெச்சு மெதுவா ஊத்துங்க." தலையாட்டியவர்களே மறுவாரம் திருப்பி அனுப்பினார்கள். என்ன ஜென்மங்களோ!

ஒருவழியாக துபாய் ஹோட்டல் ஒன்று மசிந்தது. இன்று மாலை விருந்து. விருந்தினருக்குப் பிடித்தால் வருடம் முழுக்க ஆர்டர். இல்லையென்றால் இந்த ஒயினையே கைகழுவிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். விருந்துக்காக அந்த இத்தாலி வீட்டு மகள் கியாராவே விமானம் ஏறிவிட்டாள்.

காலையில் முரளிதரன் குடோனுக்குப் போனபோது வேனில் பெட்டிகள் ஏறியிருந்தன. ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கிக் கிடந்தது. அடுத்ததும் அதே கதி. தெளிய இரண்டு நாளாவது ஆகும்.

"சேதுபதி! என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

ராமநாதபுரத்து ஸ்டோர்கீப்பர் சேதுபதி பெருமையாகச் சிரித்தார். "அடியில தங்குதுன்னுதானே சார் திருப்பி விடுறாய்ங்க? மருந்து பாட்டில குலுக்குற மாதிரி எல்லாத்தையும் நல்லாக் குலுக்கி விட்டுட்டேன். இப்ப ஒண்ணும் தங்கல, பாருங்க."

முரளிதரனுக்கு அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. விருந்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று ஹோட்டலுக்குப் போன் போட்டார். வேறு ஒயின் வைத்துக்கொள்கிறோம், இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று போனை வைத்துவிட்டார்கள்.

"உன்னை யாருய்யா தொடச் சொன்னது? அது அப்படித்தான் இருக்கணும்யா!"

சேதுபதியின் சிரிப்பு போய்விட்டது. "ஆறு வருசமா இத இறக்குறதும் ஏத்துறதும் நாந்தான் சார். ஊர் ஊராப் போயி எல்லார்ட்டயும் சொன்னீக. எங்கிட்ட ஒருநா சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

முரளிதரன் கார் சாவியை எடுத்தார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. யார் இப்படிச் செய்தது என்று கியாரா கேட்பாள். நான்தான் என்பதைத் தவிர வேறு பதில் அவருக்குக் கிடைக்கவில்லை.