ஆறாத ஈறும் அக்காரவடிசலும்

என் அகத்துக்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியது ஆவணி மாதம். ஐப்பசி பிறந்தும் அந்தக் குழி மூடவில்லை. ஈறு வீங்கிக் கன்றிப்போய், வாய் கொப்பளித்தால் ரத்தம் வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து சொல்லும் கோஷ்டியின் முன்வரிசையில் நின்று சேவிக்கிறவர் அவர். இரண்டு வரி சேர்ந்தாற்போல் சொன்னால் வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மார்கழியில் பகல் பத்து உற்சவம், பத்து நாளும் பாசுரம் சேவிக்க வேண்டும். அதற்குள் வாய் ஆறாவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அவர் கவலை முழுக்க என் தலையில்தான் விடிந்தது.

ஜட்கா பிடித்துத் திருச்சியில் தெப்பக்குளத்தண்டை ஒரு டாக்டரிடம் போனோம். அவர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, "சர்க்கரை வியாதி, சாமி" என்றார்.

"வாய்ப் புண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நான்தான் கேட்டேன்.

"புண்ணு ஆறணும்னா அந்த இடத்துல பொடிப்பொடியா புது ரத்தக் குழாய் முளைக்கணும்மா. அது வழியாத்தான் புதுச் சதைக்கு ஆகாரம் போகும். ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிடந்தா அது சரியா முளைக்காது. அப்புறம் ஈறு எப்படி மூடும்? சீழ் வேற சுலபமாப் பிடிச்சுக்கும். மொதல்ல சர்க்கரையைக் குறைங்க."

குறைத்தேன். காப்பியில் சர்க்கரை கிடையாது. சோற்றுக்குப் பதில் கோதுமைக் கஞ்சி, தொட்டுக்கொள்ளப் பாகற்காய். தினமும் ஊசி. டாக்டர் ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார். அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறமானால் சர்க்கரை. மடி ஆசாரத்தில் வளர்ந்தவள் கொல்லையில் குந்தி உட்கார்ந்து இந்தக் கண்ராவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் தலையெழுத்து! தினமும் செங்கல்தான்.

"வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பெருமாள் சாட்சியா, ஒரு வாய் கிடையாது" என்றார் இவர். டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். நான் டாக்டரைத் திட்டினேன், மருந்தைத் திட்டினேன், பல்லைப் பிடுங்கியவனையும் விடவில்லை.

ஒரு நாள் அவருடைய உத்தரீயத்தைத் துவைக்க எடுத்தேன். நெய் வாசனை. ஓரத்தில் ஒரு முந்திரித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, இது என்ன?"

"அக்காரவடிசல். கோஷ்டி முடிஞ்சா கையில பிரசாதம் தருவாளே, தெரியாதா உனக்கு?"

"அதுல வெல்லம் இல்லையா?"

"அபசாரமாப் பேசாதே. பெருமாள் அமுது செஞ்சப்பறம் அதுல வெல்லம் ஏது, நெய் ஏது? பிரசாதம்டீ அது!"

"உங்க ஈறுக்கு அது தெரியுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திருட்டுத்தனமாகத் தின்றவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரசாதம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. "ஒரு பருக்கையை வாயில போட்டுண்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்துடுங்கோ" என்று கெஞ்சினேன். "பெருமாள்கிட்ட பேரமா? நீட்டின கையை எங்காத்துல ஒருத்தரும் மடக்கினதில்லை" என்றார். செவிடன் காதில் ஊதின சங்குதான். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. செங்கல் நிறம் மாறவில்லை, குழியும் மூடவில்லை.

பகல் பத்து முதல் நாள். பெண்டுகளோடு ஒரு தூண் ஓரமாக நின்றேன். எத்தனை பேர் சேர்ந்து சேவித்தாலும் அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். அன்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில்தான் நின்றார். தொடக்கத்தில் வாயைத் திறந்தவர் உடனே உத்தரீயத்தால் பொத்திக்கொண்டார். எடுத்தபோது துணியில் சிவப்பு. அதன்பின் கடைசி வரை உதட்டைத் திறக்கவில்லை.

கோஷ்டி முடிந்து பிரசாதப் பாத்திரம் வரிசையாக வந்தது. இவர் முன்னால் வந்து நின்றது. இவர் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கோங்கோ ஸ்வாமி" என்றார் கொடுக்கிறவர்.

"சேவிக்காதவனுக்கு எதுக்கு ஸ்வாமி?" என்று சொல்லி, இரண்டு கையையும் உத்தரீயத்துக்குள் மடக்கிக்கொண்டார்.

மாசக்கணக்காக நான் கேட்டது அதைத்தானே. இதோ, மடக்கிவிட்டார். பாவி மனுஷர், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "ஒரு வாய் வாங்கிக்கோங்கோளேன்" என்று தூண் ஓரத்திலிருந்தே கத்தலாமா என்று வந்தது.